உதாரண வாக்கியம்

ஜெர்மன் மொழியில் ஒரு காரியத்தைச் சொல்ல வரிசை உண்டு. எப்போது, எதனால், எப்படி, எங்கே. சார் இந்த நான்கையும் பலகையில் எழுதிவிட்டு, ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்கள் என்றார். நாகர்கோவிலில் ஒரு செருப்புக்கடையின் மேல்மாடி அது. நாங்கள் இருபத்திரண்டு நர்ஸுகள். முதல் வரிசையில் இருந்தவள், “நான் நாளை விடுமுறை காரணமாக மகிழ்ச்சியாக ஊருக்குப் போகிறேன்” என்றாள். மற்றவர்களும் அதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுச் சொன்னோம். நான் மகிழ்ச்சியாக என்பதை எடுத்துவிட்டு வேகமாக என்று வைத்தேன். அடுத்து என் பக்கத்து இருக்கை அக்காவின் முறை.

“நான் இன்று கூட்டம் காரணமாக நாகர்கோவிலுக்கு வந்தேன்” என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

“எப்படிங்கறது வரலையேக்கா. வேகமாக-ன்னு சேருங்க.”

“வேகமா வரல்ல சார். ஒண்ணேகால் மணிக்கூர் ஆச்சி.”

“உதாரணத்துக்குத்தானேக்கா.”

“உதாரணம்னாலும் வரல்லியே.”

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பலகையில் இருந்த நான்கையும் மறுபடி பார்த்துவிட்டு, “நான் இன்று கூட்டம் காரணமாக நின்றுகொண்டே நாகர்கோவிலுக்கு வந்தேன்” என்றார். நான்கும் இருந்தன, வரிசையாக இருந்தன. சார் கைதட்டினார். நானும் தட்டினேன். அடுத்த சில மாதங்களில் எனக்கு என்ன நடக்கப் போகிறது என்பது அந்த வாக்கியத்திலேயே இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அதை வெறும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு அப்போது நாற்பத்தோரு வயது. கடியப்பட்டணம் என்ற கடற்கரை ஊர். நர்ஸிங் டிப்ளமா படித்துவிட்டு, நடுவில் ஆறு வருடம் இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்துவிட்டு, அந்தக் கிழவி இறந்ததும் ஊருக்குத் திரும்பியவர். நான் பூதப்பாண்டிப் பக்கம் ஒரு வயல்காட்டு ஊர். மகளுக்கு அப்போதுதான் ஒரு வயது முடிந்திருந்தது. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்து முதுகுத் தட்டு விலகித் திரும்பி வந்து, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். யாராவது ஒருவர் வெளியே போயாக வேண்டும். அது நான்தான் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். நானும் அந்த எல்லோரில் ஒருத்தியாக உட்கார்ந்து தலையாட்டினேன்.

பாடப்புத்தகத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் பெரிய வீடு இருக்கும், புதிய கார் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்கு நடந்து போவார்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் குணங்களை அடுக்கிப் பழகுவதற்காக அதையெல்லாம் நம் வீடு, நம் கார் என்று மாற்றிச் சொல்லவேண்டும். நான் மனப்பாடமாக, “எனக்கு ஓர் அழகான பெரிய வீடு இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். எங்கள் வீட்டில் அடுக்களையும் இரண்டு அறையும்தான். அக்காவுக்கு அது வராது. ‘மேற்கே ஓடு மாற்றாத, கதவு சரியாக அடையாத, கடன் இல்லாத வீடு’ என்பார். அவ்வளவையும் வீடு என்ற சொல்லுக்கு முன்னால் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் உரிய விகுதியைப் பிசகாமல் போடுவார். நாங்கள் ஐந்து சொல்லில் முடிப்பதற்கு அவருக்குப் பதினைந்து சொல் வேண்டியிருந்தது. அப்படித்தான் அவருடைய ஜெர்மன் எங்கள் எல்லோருடையதையும் விட நன்றாக ஆனது. பொய் சொல்லத் தயங்காத எனக்குச் சின்ன வாக்கியங்களே போதுமாக இருந்தன.

குடும்பத்தை விவரிக்கச் சொன்ன நாள் நினைவிருக்கிறது. புத்திசாலியான மகன், அன்பான கணவர், துறுதுறுப்பான மகள் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து, “எனக்கு என்னோடு அதிகம் பேசாத பதினைந்து வயது மகன் ஒருவன் இருக்கிறான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.  சார் இலக்கணம் சரி என்று மட்டும் சொன்னார்.

“ஏங்க்கா அப்படிச் சொன்னிய?” என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

“பின்ன எப்படிச் சொல்லணும்? அவன் பேசமாட்டான். நான் போகும்போ அவனுக்கு மூணு வயசு.”

 நான் மேலே கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்ற பயம் எனக்கு அப்போதே வந்திருந்தது.

வகுப்பு முடிந்ததும் வடசேரி பஸ் நிலையத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து படிப்போம். என் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருக்கும். ஜெர்மன்காரர்களின் நீளமான பெயர்த்தொடர்களைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். அவர்தான் அதை இறக்கிக் காட்டினார்.

“இதுல என்னட்டி பயம்? நேத்து சந்தையில வாங்கின பெரிய மீனு. நம்ம இப்படித்தான சொல்லுவோம்? அவனும் இப்படித்தான் சொல்லுதான். நேத்து, சந்தையில, வாங்கின, பெரிய, எல்லாத்தையும் முன்னால அடுக்கி வச்சிட்டுக் கடைசியில மீனைக் காட்டுவான். இத்தாலிக்காரனுக்குப் பொறுமை கிடையாது. மீனத் தூக்கி முதல்ல போட்டுருவான். அப்புறம் பைய, பெரிசு, நேத்து வாங்கினதுன்னு சொல்லிட்டு இருப்பான்.”

“எது அக்கா நல்லது?”

“கேக்கவனுக்கு இத்தாலி நல்லது. என்ன மீனுன்னு உடனே தெரியும்லா. ஒளிக்கணும்னா ஜெர்மன் நல்லது. நம்மளுதும் நல்லது.”

இத்தாலியில் சில குணச்சொற்கள் இடம் மாறினால் ஆளே மாறிவிடுவார் என்றும் ஒருநாள் சொன்னார். ஏழை என்ற சொல்லைப் பெண்ணுக்குப் பின்னால் வைத்தால் காசில்லாத பெண். முன்னால் வைத்தால், ஐயோ பாவம் என்று அர்த்தம். அவர் பார்த்துக்கொண்ட கிழவியின் மகள், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இவரைக் காட்டி அந்தச் சொல்லை முன்னால் வைத்துத்தான் சொல்வாளாம். இவர் ஒருநாள், விருந்தாளிகள் இருக்கும்போதே, “பின்னால் வையுங்கள் அம்மா. எனக்குக் காசுதான் இல்லை” என்று திருத்திவிட்டார். அதற்குப் பிறகு அந்த மகள் இரண்டு மாதம் இவரோடு பேசவில்லை.

“நல்லா வேணும் அவளுக்கு” என்றேன் நான்.

“அவ நல்லவதான். அம்மைய தினமும் வந்து பாப்பா” என்றார். அங்கேயும் விட்டுக்கொடுக்கவில்லை.

இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை போனதும் இதனால்தான். நோயாளி ‘நன்றாகச் சாப்பிட்டார்’ என்று குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதுவது எல்லா ஆஸ்பத்திரியிலும் வழக்கம். நானே ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். இவர் ஒன்றரை இட்லி, அரை டம்ளர் காப்பி என்று எழுதுவார். ‘நன்றாகத் தூங்கினார்’ என்பதற்குப் பதிலாக எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று எழுதுவார். தலைமை நர்ஸ் கூப்பிட்டு, “நல்லான்னு எழுதினா உனக்கு கை வலிக்குமா?” என்று கேட்டிருக்கிறார். “யாருக்கு நல்லான்னு தெரியல்லியே சிஸ்டர்” என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். ஒரு நோயாளியின் வீட்டார் சண்டைக்கு வந்தபோது, குறிப்பேட்டில் ‘நல்ல’ சொற்கள் ஒன்றுகூட இல்லாதது நிர்வாகத்துக்கு இடைஞ்சலாகிவிட்டது. நாளை முதல் வரவேண்டாம் என்றார்கள்.

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. பஸ் இன்ன நேரத்துக்கு வரும் என்பதுபோலத்தான் சொன்னார்.

சாப்பாட்டுக்கு அவர் அவித்த மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் கறியும் கொண்டுவருவார். எங்கள் வீட்டில் மீன் கிடையாது. கல்லூரி விடுதியில் பழகிய நாக்கு எனக்கு. முதல்நாள் ஒரு வாய் கேட்டு வாங்கினேன். பிறகு தினமும் அவர் டப்பாவில் பாதி என்னுடையது. வீட்டுக்குப் போனதும் மாமியார் மூக்கைச் சுளித்து, “என்ன மக்ளே, மீன் வாடை?” என்று கேட்டபோது, “பஸ்ஸுல கூடைக்காரி பக்கத்துல நின்னா அத்தை” என்றேன். அதை மறுநாள் அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் டப்பாவை மூடிவிட்டார்.

“வீட்டுல சொல்லிட்டுத் தின்னு. இல்லன்னா திங்காத.”

“சொன்னா கொன்னுருவாங்க அக்கா.”

“அப்ப திங்காத. தின்னது நீ, பழி கூடைக்காரிக்கா?”

அவருடைய அம்மாவும் மீன்கூடை சுமந்து பஸ்ஸில் போனவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேனா, தெரியாததுபோலச் சொன்னேனா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். நான் சாப்பிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

இன்னொன்று. மகளுக்குத் தாய்ப்பால் நிறுத்திவிட்டதாகத்தான் நான் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அவர் கேட்டபோதும் அதையே சொன்னேன். அவர் என் துப்பட்டாவைப் பார்த்தார். அது நனைந்திருந்தது. பையில் இருந்து ஒரு சிறிய துண்டை எடுத்து என் மடியில் போட்டுவிட்டுப் புத்தகத்தைத் திருப்பினார். அன்றைய பாடம் முழுவதும் என் முகம் எரிந்தது. என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

இருவரும் தேர்வில் தேறினோம். எழுத்திலும் பேச்சிலும் என் மதிப்பெண்ணில் பாதி அந்த சிமெண்ட் பெஞ்சில் கிடைத்தது. இதை நான் மறுக்கவே மாட்டேன். பிறகு ஏஜென்ட் எங்களை ஒரு ஜெர்மன் ஆஸ்பத்திரியின் நேர்காணலுக்குச் சேர்த்தார். அதற்கு முன் ஏஜென்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“குழந்தைக்கு என்ன வயசு?”

“ஒண்ணேமுக்கால் சார்.”

“அஞ்சுன்னு சொல்லுங்க. மூணு வயசுக்குக் கீழ பிள்ளை இருக்கறவங்கள அவங்க எடுக்கமாட்டாங்க. போன வருஷம் ரெண்டுபேர் மூணே மாசத்துல அழுதுட்டுத் திரும்பிட்டாங்க.”

எனக்கும் அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஓர் எண்தானே. ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தங்களைப் பற்றி எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள் என்று, இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் மற்றவரை அறிமுகப்படுத்தச் சொல்வார்கள். யாரோடு யார் என்பதை எங்களையே முடிவுசெய்துகொள்ளச் சொன்னார் ஏஜென்ட். நான் ஓடிப்போய் அக்காவின் பெயரைக் கொடுத்தேன். வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிறவர் அவர். அவர் வாயால் என்னைப் பற்றிச் சொன்னால் நானும் நன்றாகத் தெரிவேன் என்று கணக்குப் போட்டேன். அவரைத் தெரிந்துகொண்டே போட்ட கணக்கு அது. வேறு யாரும் என்மேல் அவரைச் சுமத்தவில்லை.

பஸ் நிலையத்தில் வைத்து, மகளின் வயதை ஐந்து என்று சொல்லும்படி அவரிடம் கேட்டேன்.

“மகள் உண்டுன்னு சொல்லுதேன். வயசு சொல்லமாட்டேன்.”

“கேட்டா?”

“கேக்காட்டா சொல்லமாட்டேன்.”

“கேட்டா அக்கா?”

“அத நீ சொல்லிக்க. நான் உன்னக் காட்டிக்குடுக்க மாட்டேன் மக்கா. ஆனா என் வாயால அஞ்சு வராது.”

“ஒரே ஒரு வார்த்தைக்கா. எனக்காக.”

“வராதுட்டி. வந்தா சொல்லமாட்டேனா?”

நான் ஒத்துக்கொண்டேன். கேட்கமாட்டார்கள் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். வேறு ஜோடிக்கு மாறிக்கொள்ள இன்னும் இரண்டு நாள் இருந்தது. மாறவில்லை.

திரையில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் இருந்தார்கள். அந்தப் பெண் தலைமை நர்ஸ். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். அக்கா என்னை அறிமுகப்படுத்தினார். இன்றுவரை என்னைப் பற்றி யாரும் அப்படிப் பேசியதில்லை. நான் எந்த வார்டில் எத்தனை வருடம் வேலை செய்தேன், அவருடைய அம்மா எங்கள் வார்டில் கிடந்தபோது எப்படிக் கைநடுங்காமல் ஊசி போட்டேன், நாற்பது நிமிட பஸ் காத்திருப்பில் எப்படிப் படித்தேன் என்று ஒவ்வொன்றாக, வரிசை பிசகாமல், ஒரு சொல்கூட மிகையில்லாமல் சொன்னார். “இவருக்கு ஒரு மகள் இருக்கிறாள்” என்று முடித்தார். மகள் என்ற சொல்லுக்கு முன்னால் ஒன்றையும் வைக்கவில்லை.

தலைமை நர்ஸ் புன்னகைத்தார். அக்காவைப் பார்த்தே கேட்டார். “மகளுக்கு என்ன வயது?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். “அதை அவரே உங்களுக்குச் சொல்வார்” என்றார்.

“ஐந்து” என்றேன். என் குரல் எனக்கே உயரமாகக் கேட்டது.

“ஓ, ஐந்து. அவளுக்கு என்ன பிடிக்கும்?”

நான் படித்து வைத்திருந்த எந்த வாக்கியமும் வரவில்லை. பொம்மை, படம் வரைதல் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். “என் காதைப் பிடித்துக்கொண்டால்தான் அவள் தூங்குவாள்” என்றேன். மகளைப் பற்றி நான் அன்றைக்குச் சொன்ன ஒரே உண்மை அதுதான். தலைமை நர்ஸ் ஒரு கணம் என்னையே பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டார். நன்றி என்றார்.

அக்காவுக்கு வேலை கிடைத்தது. எனக்கு, ‘இப்போது இல்லை, பிறகு பார்க்கலாம்’ என்று வந்தது.

முடிவைக் கேட்டுவிட்டு ஏஜென்ட் அலுவலகத்தின் மாடிப்படியில் இறங்கும்போது அவரை நிறுத்தினேன். கீழே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

“திரும்பிப் பாத்தியளே, அது எதுக்கு? பாக்காம சொல்லியிருந்தா அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“நான் ஒண்ணும் சொல்லல்லியே மக்கா.”

“சொல்லாமலேதான் சொல்லிட்டியளே! உங்களுக்கு வேல கிடச்சாச்சு. எனக்குப் பிள்ளை இருக்கு, படுத்துக்கிடக்க மனுஷன் இருக்கு. கடப்புறத்துப் புத்தியக் காட்டிட்டியள்லா!”

கடற்கரைக்காரர்களைப் பழிக்கும் அந்தச் சொல் என் வாயில் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதுகிறேன், அது பொய். எங்கள் அடுக்களையில் இருந்தது. சிறுவயதில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாமியார் வீட்டிலும் இருந்தது. நான் அதைச் சொல்ல மாட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. “கடப்புறத்துக்காரிதான்” என்றார். “அது உள்ளதுதான். புத்திதான் எனக்குக் கொஞ்சம் கம்மி.” குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அவர் ஊர்ப்பக்கம் போகும் மணவாளக்குறிச்சி பஸ் வந்து நின்றது. அதில் உட்கார இடமிருந்ததை நான் மேலே இருந்து பார்த்தேன்.

போவதற்கு முன் ஒரு செய்தி அனுப்பினார். ‘செவ்வாய்க்கிழமை போறேன். உன் நோட்டு என்கிட்ட இருந்துச்சு. சார் கிட்ட குடுத்திருக்கேன்.’ நான் பதில் போடவில்லை.

அதன்பின் இரண்டரை வருடம். அவர் திரும்பிப் பார்த்ததால்தான் எனக்கு அந்த வேலை போனது என்று நான் வீட்டில் சொன்னேன். மாமியார் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். ஆனால் தனியாக இருக்கும்போது எனக்கு அந்தக் காது விஷயம்தான் நினைவுக்கு வரும். என் வாக்கியமே என்னைக் காட்டிக்கொடுத்ததோ? இல்லை, என் குரலோ? அந்தப் பெண்ணுக்கும் ஒரு பிள்ளை இருந்திருக்குமோ? யாரைக் கேட்பது? இந்த இரண்டரை வருடத்தில் மகள் பேசத் தொடங்கியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். முதல் பல் விழவில்லை, ஆனால் முதல் கோபம், முதல் பொய், முதல் பாட்டு எல்லாம் என் முன்னால் நடந்தன. அதே இரண்டரை வருடம் வீட்டுக்காரர் பெல்ட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் இரட்டை டியூட்டி முடித்து வருவதைத் தலைகுனிந்து பார்த்தார். முதலாவதற்காக அக்காவுக்கு நன்றி சொல்லவேண்டும் என்றால், இரண்டாவதற்கு என்ன சொல்வது?

போன மாதம் ஏஜென்ட் கூப்பிட்டார். அதே ஆஸ்பத்திரி என்னைக் கேட்கிறது என்றார். என் பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தவர்கள், என்னை அறிமுகப்படுத்திய நர்ஸ் தங்களிடமே இருப்பதைக் கண்டு, அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். அவர் சொன்னதை வைத்து வேலை தர முடிவு செய்துவிட்டார்கள். அவர் சொன்னதை ஏஜென்ட் எனக்கு மின்னஞ்சலில் இருந்து வாசித்துக் காட்டினார்.

‘நல்ல நர்ஸ். நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மகளின் வயதைப் பயத்தினால் தவறாகச் சொன்னார். அந்தக் குழந்தைக்கு இப்போது நாலேகால் வயது.’

ஏஜென்ட் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வேலையையும் வாங்கிக்கொடுத்து, நான் பொய் சொன்னவள் என்பதையும் எனக்கு முன்னாலேயே அங்கே கொண்டு சேர்த்துவிட்டார். முதல்நாள் அந்த வார்டுக்குள் நுழையும்போதே எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் அவரைக் கூப்பிட்டேன். அவருடைய ஊரில் காலை நேரம்.

“மக்கா?” என்றார். என் எண்ணை அவர் அழித்திருக்கவில்லை.

நான் நலம் விசாரிக்கவில்லை. “பொய் சொன்னேன்னு எதுக்கு அவங்ககிட்டச் சொன்னிய?” என்றுதான் தொடங்கினேன்.

“கேட்டாவ. சொன்னேன்.”

“நல்ல நர்ஸுன்னதோட நிறுத்தியிருக்கலாம்லா?”

“அதைத்தான் முதல்ல சொன்னேன்.”

அந்தப் பக்கம் ஏதோ தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. மாடிப்படியில் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு அப்போது நல்ல இடைவெளி இருந்தது. நான் அதைப் பயன்படுத்தவில்லை. எனக்கு வேறொன்று தேவையாக இருந்தது.

வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று மாமியார் சொன்னார். தினமும் வீடியோவில் பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். சீக்கிரமே குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னார். மூன்று பேரையும் நான் நம்பவில்லை.

“அக்கா, நான் வந்துட்டா பிள்ளை என்ன மறந்துருமா?”

அந்தப் பக்கம் தள்ளுவண்டிச் சத்தம் நின்றது.

“மொகம் மறக்காது. போன்ல பாக்கும்லா.”

“பின்ன?”

“மொத வருஷம் அது அழும். ரெண்டாம் வருஷம் அது அழாது. அப்ப நீ அழுவே.”

“அதுக்கு அப்புறம்?”

“கூட்டிட்டு வந்துட்டா செரியாப் போகும். எப்பக் கூட்டிட்டு வர முடியும்னு எனக்குத் தெரியல்ல. இங்க வீடு கிடைக்கணும். நான் ஆறு வருஷம் விட்டுட்டேன் மக்கா. அவன் அவனுக்க சித்திய நீன்னு கூப்பிடுவான். என்னை இப்பவும் நீங்கன்னுதான் சொல்லுவான்.”

என் கண்ணில் நீர் வரவில்லை. கோபம்தான் வந்தது. பயப்படாதே, ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். உலகத்தில் அவர் ஒருவர் சொன்னால் மட்டும்தான் நம்பியிருப்பேன். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் தரவில்லை.

“அப்ப வராண்டாம்ங்கியளா?”

“நான் அப்படிச் சொல்லல்ல. நீ கேட்டது வேற.”

போனை வைத்துவிட்டேன். அவர் அப்படியே இருந்துகொள்ளலாம். வாய் திறந்தால் உள்ளது மட்டும் வரும், பக்கத்தில் நிற்கிறவள் அதைக் கொண்டு என்ன செய்வாள் என்பது அவர் கவலை இல்லை. இப்படித்தான் அன்று முழுவதும் அடுக்களையில் முணுமுணுத்துக்கொண்டு நடந்தேன். சாயங்காலம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். 

அடுத்த வாரம் கிளம்ப வேண்டும். மகளிடம் அம்மா டியூட்டிக்குப் போகிறாள் என்று மட்டும் சொன்னால் போதும் என்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்திருக்கிறார்கள். நேற்று மாலை அவள் முற்றத்தில் உட்கார்ந்து, உடைந்த ஓட்டுத்துண்டால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இவளுக்காவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“அம்மா தூரத்துல ஒரு ஊருக்கு வேலைக்குப் போறேன் மக்ளே. ஒரு வருஷம் கழிஞ்சுதான் வருவேன்.”

அவள் கோடு போடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அழவில்லை. கணக்குப் போடுகிறவளைப்போல நெற்றியைச் சுருக்கினாள்.

“ஒரு வருஷம்னா, நாளைக்கழிஞ்சா?”

நாளை மறுநாளைத் தாண்டி அவளுக்கு நாள் தெரியாது. அவள் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஆமா” என்றேன்.